நீலச் செருப்புத் தவளை

12.4.81, ஞாயிறு

வெயில், ஆனால் காற்று உண்டு. பத்தாவது பரீட்சை முடிந்து மூன்றாம் நாள். கணக்குப் பேப்பரை நான் முடித்தேன் என்பதைவிட அது என்னை முடித்தது என்பதே சரி. மதுரையிலிருந்து மேலூர் வரை நின்றுகொண்டே. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் உட்கார இடம், கூடவே மடியில் யாரோ வீட்டுக் கோழி.

மாமா வாசலிலேயே மறித்தார். "வாடா முதலை."

போன வருஷ வினை. பழைய லாரி டயரைப் பாதி வெட்டிக் கண்மாயில் மிதக்கவிட்டு "முதலை, முதலை" என்று கத்தினேன். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியை விட்டுவிட்டு ஓட்டம். கண்மாய்க் காவல்காரர் அரிவாளோடு இறங்கி டயரை நாலு வெட்டு வெட்டினார். அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்குத் துரை என்ற பெயர் கிடையாது.

"இந்த வருசம் ஒரு புளுகு எங்காதுல விழுந்துச்சு, அன்னிக்கே ஒன்னய பஸ் ஏத்திருவேன். அம்புட்டுத்தான்."

"சரி மாமா."

முகத்தை மிகவும் யோக்கியமாக வைத்துக்கொண்டேன். மாமா பையன் சேகர் பின்னால் நின்று டயர் மாதிரி நெளிந்து காட்டினான். மாடு.

13.4, திங்கள்

தவளை வேலை. செய்முறை:
– ரப்பர் செருப்பு ஒன்று (நீலம், இடது கால், மாமாவுடையது. அவருக்குத் தெரியாது).
– பிளேடு.
– சைக்கிள் வால்டியூப், பின்னங்கால் இரண்டுக்கு.
– மதுரையில் வாங்கிய பெரிய தூண்டில் முள், வயிற்றில்.
– கண்ணுக்கு இங்க் பேனா.

இங்கே விராலுக்கு எல்லாரும் உயிர்த் தவளையைத்தான் குத்திப் போடுகிறார்கள். எனக்கு அது உதைப்பதைப் பார்க்க மனசு வராது. இதை சேகரிடம் சொல்லக் கூடாது. அவனிடம் சொன்னது: "இது விஞ்ஞானம் மாப்ள."

"விஞ்ஞானமா? மீனுக்குச் செருப்படி குடுக்கப் போறியா?"

நல்ல பதில். எனக்குத் தோன்றவில்லையே என்று எரிச்சல்.

நைலான் நரம்பு முழுவதையும் பால் பவுடர் டின்னில் சுற்றியாயிற்று. ஞாயிறு ஊர்ப் பொது மீன்பிடி. அதுவரை கண்மாயில் வலை கூடாது, தூண்டில் போடலாம்.

14.4, செவ்வாய். வருஷப் பிறப்பு

விடிந்தும் விடியாமல் இறங்கினேன். தனியாக. கரையில் நடந்தால் அதிர்வு தெரிந்து விரால் போய்விடும். அதனால் தண்ணீருக்குள்ளேயே, காலைத் தூக்காமல், சேற்றில் இழுத்து இழுத்து. முதலில் முட்டி. பிறகு இடுப்பு. மேலே வெதுவெதுப்பு, கீழே ஜில். உள்ளே போகப் போக ஊர்ச் சத்தம் குறைந்தது. வாயைத் திறக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்கு!

ஆம்பல் இலைகளுக்கு நடுவே தவளையை வீசி, நரம்பை ஒரு சுண்டு, நிறுத்தம், மறுபடி ஒரு சுண்டு. ஒன்றும் இல்லை. அப்புறம் இரண்டு கை தூரத்தில் தண்ணீர் தானாகப் புடைத்தது. மூச்செடுக்க வந்த தலை. பாம்புத் தலை, ஆனால் என் இரண்டு உள்ளங்கை அகலம். காற்றை ஒரு வாய் விழுங்கியது. 'ப்ளக்.' பிறகு முதுகு. முடியவே இல்லை அந்த முதுகு, ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வால், அதுவும் அவசரமில்லாமல்.

என்னைப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது.

டின்னைப் பிடித்தபடி அப்படியே நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் முதுகில் சுட்ட பிறகுதான் கரை ஞாபகம் வந்தது.

(பிற்பகல்)

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பாயசம் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். இலை முன்னால் கையை நீட்டி, அக்குளிலிருந்து விரல்நுனி வரை காட்டினேன்.

"இம்புட்டு நீளமா?" என்றார் அத்தை.

"இன்னும் கொஞ்சம் போனா முதலையே வந்திரும்" என்றான் சேகர்.

மாமா சிரிக்கவில்லை. "நாப்பது வருசமா இந்தக் கண்மாயில எறங்குறேன். நான் பாக்காத மீனு ஒனக்கு வந்து வணக்கம் சொல்லுச்சா?"

"நெசமா மாமா."

"சரி. ஞாயித்துக்கெழமை ஊரே எறங்கும். இருக்குறது எல்லாம் மேல வந்துரும். அந்த மீனு வந்துச்சுன்னா நீ யோக்கியன். வரலைன்னா திங்கக்கெழமை மொத பஸ்ல மதுரை. அடுத்த லீவுக்கும் இந்தப் பக்கம் வராத."

முதன்முறையாக உண்மை சொன்னேன், அதற்கே மாட்டினேன்.

16.4, வியாழன்

காற்றே இல்லை. அதே இடம், அதே இடுப்பளவு. ஏழாவது வீச்சு. தவளை இலைமேல் விழுந்தது, மெல்ல இழுத்துத் தண்ணீரில் இறக்கினேன். நிறுத்தினேன். பத்து எண்ணினேன்.

தண்ணீர் திறந்தது. வேறு எப்படி எழுதுவது? ஒரு குழி விழுந்தது, தவளை இல்லை.

டின் கையை விட்டுப் பறந்தது. பாய்ந்து பிடித்தேன். நரம்பு விரலுக்குள் அறுத்துக்கொண்டு ஓடியது. ஒருமுறை முழு உடம்பும் வெளியே வந்தது. தொண்டை வெள்ளை, வாயோரம் நீலத் துண்டு. நரம்பு பட்டென்று அறுந்தது.

விரால் போச்சு, விரல் போகாதது மிச்சம்.

அழவில்லை. கண்மாய்த் தண்ணீர் கண்ணில் பட்டது. ஆனால் அந்த முள்ளோடு அது எப்படிச் சாப்பிடும் என்று நாள் முழுக்க ஒரே நினைப்பு.

17.4, வெள்ளி

மாமா செருப்பைத் தேடுகிறார். நாயின் மேல் சந்தேகம். நாய் என்னைப் பார்க்கிறது.

19.4, ஞாயிறு

இரண்டு நாளாக மடையைத் திறந்து தண்ணீரை முட்டியளவுக்கு இறக்கியிருந்தார்கள். விடிவதற்குள் கரை முழுக்கத் தலை. எழுமலையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஊத்தா, அதாவது அடியில்லாத மூங்கில் கூடை. கவிழ்த்துவிட்டு மேல் வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவ வேண்டும். காவல்காரர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசினார். அத்தனை பேரும் ஒரே ஓட்டமாக இறங்கினார்கள். கண்மாயே எழுந்து நின்ற மாதிரி இருந்தது.

கெளுத்தி, கெண்டை, கை நீள விரால்கள். ஒவ்வொரு கூச்சலுக்கும் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நீலம் இல்லை. நடுப்பகலுக்குள் தண்ணீர் கூழானது. ஆம்பல் எல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குத் திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் மேளம் அடித்தார்கள். அடித்துவிட்டால் முடிந்தது, சேற்றில் மிச்சம் இருப்பது அடுத்த தண்ணீருக்கு வித்து. அதன் பிறகு யாரும் கைவைப்பதில்லை. கரையேறினார்கள்.

நான் மட்டும் மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில். காலடியில் சேறு அசைந்தது. குனிந்தேன். சேற்றில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒரு குமிழி. 'ப்ளக்.'

கையை மெல்ல விட்டேன். தொடைக் கனத்துக்கு உடம்பு. திமிறவில்லை. அத்தனை பேர் மிதித்த அதே இடத்தில், மிதிக்க மிதிக்க, மூச்சை அடக்கிக்கொண்டு இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. வாயோரம் தடவினேன். ரப்பர். முள்ளைப் பின்னோக்கி அழுத்தித் திருப்பினேன், வந்துவிட்டது. அந்த வாய் என் விரலை ஒரு நொடி பிடித்து, விட்டது.

ஒரு குரல் கொடுத்தால் போதும். கரையில் பாதி ஊர் இன்னும் நிற்கிறது. மாமா நிற்கிறார்.

"அங்க என்னடா குனிஞ்சு நோண்டுற?" சேகர் கரையிலிருந்து.

பிடிக்கக் கூடாது என்றாலும் பார்க்கவாவது வருவார்கள். வந்தால் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கிப் பார்த்தால் கையால் அளப்பார்கள். ஆளுக்கு ஒருமுறை.

"ஒண்ணுமில்ல மாப்ள. கால் பொதைஞ்சிருச்சு."

ஓட்டையின்மேல் ஒரு கை சேற்றை மெதுவாக இழுத்துவிட்டேன், மூச்சுக்கு இடம் வைத்து.

20.4, திங்கள்

முதல் பஸ். மாமா ஸ்டாப் வரை வந்தார். வெறுங்கால்.

"கடைசியா கேக்குறேன். மீனு பாத்தியா?"

"இல்ல மாமா. சும்மா சொன்னேன்."

"தெரியும்" என்றார். கொஞ்சம் வருத்தம் மாதிரி இருந்தது. சேகர் மட்டும் என் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜன்னலோரம் கிடைத்தது. பஸ் கண்மாய்க் கரையில் போகும்போது எட்டிப் பார்த்தேன். மொத்தமும் சேறு, கொக்குகள், பள்ளம் இருக்கும் இடம் தெரியவில்லை. சட்டைப் பையில் தவளை. முதுகில் பல் பதிந்த தடம் எண்ணினேன். பதினொன்று. ஒரு பின்னங்கால் இல்லை.