கல்யாணம் யாருக்கு?

ஆடி மாதம், செவ்வாய் இரவு. கடலூர்.

என் மனைவி செல்விக்கு நாற்பத்து மூன்று வயதில் ஆசிரியர் பயிற்சி படிக்க ஆசை. சிதம்பரத்தில் இடமும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்குள் பணம் கட்டாவிட்டால் அது போய்விடும். வங்கியில் தனிநபர் கடன் கேட்டேன். படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். ‘கல்யாணச் செலவு’ என்று எழுதினேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக் கடன் வாங்குபவன் பொறுப்பான மனிதன். மனைவியைப் படிக்கவைக்கக் கடன் வாங்குபவனிடம், வீட்டில் என்ன பிரச்சினை என்று விசாரிப்பார்கள்.

இன்று வங்கியிலிருந்து ஓர் இளைஞர் விசாரணைக்கு வந்தார். “கல்யாணம் யாருக்குங்க?” என்று செல்வியிடமே கேட்டார். நான் அவளிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்குத் தெரியாம உங்களுக்கு எதுனா ஏற்பாடு ஆயிருக்கா மாமா?”

உண்மையைச் சொன்னேன்.

“படிப்புன்னே போட்டிருக்கலாமே சார். அதுக்கும் அதே வட்டிதான்” என்று அவர் வேறு படிவம் கொடுத்துவிட்டுப் போனார்.

“பொண்டாட்டி படிக்கப் போறான்னு எழுத அவ்ளோ வெக்கமா?” என்றாள் செல்வி. கோபமில்லாமல்தான் கேட்டாள். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

புதிய படிவத்தை எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். “கோணல் மாணலா எழுதாதீங்க மாமா. டீச்சர் வீட்டுக்காரர் எழுத்தா இதுன்னு கேப்பாங்க.”

அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கடன் வருமோ வராதோ, அவள் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டாள்.