அம்மா பார்த்திருக்கும் பக்கம்

மன்னார்புரம், திருச்சி
ஜூன் 3

அன்பு மகன் முஜிபுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ரேஷ்மாவும் அந்த மான்செஸ்டர் குளிரில் சுகமாக இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே நான் நலம், முட்டிவலி என்னைவிட நலம். அஃப்ஷீன் வாரம் ஒருமுறை லால்குடியிலிருந்து வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள், தங்கச்சி என்று நீதான் சொல்கிறாய், எனக்கு அவள் மாமியார் மாதிரி இருக்கிறாள். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால், அத்தா இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காதீங்க என்று பாதியிலேயே நிறுத்திவிடுவாய். குழம்பித்தான் போயிருக்கிறேன், அதனால் முழுசாகப் படி.

டிசம்பரில் வந்தபோது என் போனில் தொழுகிற திசை, கிப்லா காட்டுகிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தாயே, வினை அங்கே ஆரம்பித்தது. முப்பத்தோரு வருஷமாக ஹாலில் மேற்குச் சுவரைப் பார்த்துத் தொழுகிறவன் நான். அது வேறு பக்கம் காட்டியது. சரி, மக்கா எங்கே இருக்கிறது என்று அதற்குத்தானே தெரியும் என்று முஸல்லா விரிப்பைத் திருப்பிப் போட்டேன். மதியம் லுஹருக்கு ஒரு பக்கம் காட்டும், சாயங்காலம் அஸருக்கு வேறு பக்கம். ஒருநாள் அடுப்படியைக் காட்டியது, அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. அஃப்ஷீன் வந்து பார்த்துவிட்டு, போன் உறையில மூடுற இடத்துல காந்தம் இருக்கு அத்தா என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. உறையைக் கழற்றியதும் முள் ஆடாமல் நின்றது. ஆனால் என் சுவரைப் பார்த்து நிற்கவில்லை. மேற்கிலிருந்து வடக்கே கால்வாசி சாய்ந்து நின்றது. காந்தம் போன பிறகுதான் குழப்பமே அதிகமானது, இத்தனை வருஷம் தொழுதது என்னாவது?

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். இந்த ஆப்பெல்லாம் இல்லாத காலத்தில் உலகத்தின் எந்த மூலையில் எந்த ஊர் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றும் கேட்டேன். நட்சத்திரம், சூரியன், காற்று, கப்பல்காரர்கள் சொன்ன நாள் கணக்கு, இதையெல்லாம் வைத்து ஊருக்கு ஊர் திசை குறித்து வைத்தார்கள் என்றார். தூரத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பினாலே போதும், உங்க தொழுகைக்கு ஒரு குறையும் இல்லைங்க என்றும் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார். வருஷத்தில் இரண்டு நாள், மே கடைசியிலும் ஜூலை நடுவிலும், உச்சிப்பொழுதில் சூரியன் மக்காவில் கஃபாவுக்கு நேர் மேலே நிற்குமாம். அந்த நிமிஷத்தில் எந்த ஊரில் நின்று சூரியனைப் பார்த்தாலும் முகம் கஃபாவைப் பார்த்திருக்குமாம். நமக்கு அது மே 28, மதியம் 2:48. உனக்குக் காலை பத்தே பதினெட்டு.

விடுவேனா? மொட்டை மாடியில் கொடிக்கம்பியில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலின் நிழல் விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். வடக்கு எது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, நம் மாடியிலிருந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரிகிற பக்கம் வடக்கு. போனைக் கோட்டின்மேல் வைத்தேன். இரண்டும் ஒன்றாக, மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்து நின்றன. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் வெறும் நிழலைப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் உங்க அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் அதே நேரத்துக்கு, அம்மாவை அடக்கம் செய்த கபரஸ்தானுக்கு நூலை எடுத்துக்கொண்டு போனேன். ஒருநாள் தள்ளினாலும் வித்தியாசம் தெரியாது என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். வேப்பங்கிளையில் கட்டினேன். நூலின் நிழல் ஜீனத்தின் கபர்மேல் கோணலாக விழுந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கையால்தான் அவளை நேர் மேற்கே பார்த்துப் படுக்க வைத்தேன். அழுவதா, மன்னிப்புக் கேட்பதா, நூலை அவிழ்ப்பதா, ஒன்றும் புரியவில்லை. அவங்க கிப்லாவைப் பார்த்துத்தான் இருக்காங்க, நீங்க வீட்டுக்குப் போங்க என்று அங்கே வந்த ஹஜ்ரத் அனுப்பிவிட்டார். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் வீட்டில் சாய்ந்தும் பள்ளிவாசலில் நேராகவும் தொழுகிறேன், இரண்டு இடத்திலும் மனசு அலைகிறது.

இப்போது ஜமாஅத்தில் புது கபர்களைச் சாய்த்தே தோண்டலாம் என்று பேசுகிறார்கள். பழைய வரிசையில் மிச்சம் இருக்கும் இடங்களை என்ன செய்யலாம் என்று அந்தந்தக் குடும்பத்தைக் கேட்கிறார்கள். அம்மாவுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் இடம் இருக்கிறது, நான் மனசில் வைத்திருந்த இடம். டேப் வைத்து அளந்து பார்த்தேன். நேராகத் தோண்டினால் சரியாக இருக்கும். சாய்த்தால் அவள் கபரில் இடிக்கும், என்னைக் கிழக்குச் சுவரோரம் புது வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். மார்க்கத்தில் இரண்டும் கூடும் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார், முடிவு எங்கள் கையில். ஃபிட்டர் புத்தி சாய்த்து வை என்கிறது. நான் சரியான கோணத்தைக் கண்ணால் பார்த்தவன் முஜிபு, பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை. ஆனால் அவளை அங்கே தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் சரியாகப் படுத்து என்ன செய்யப் போகிறேன்? எழுத எழுதத்தான் தெளிகிறது. என்னை அடக்குகிற அன்றைக்கு ஆளாளுக்குப் போனை நீட்டுவார்கள். நீ அவர்களிடம் சொல்லிவிடு, அம்மா எந்தப் பக்கம் பார்த்திருக்கிறாளோ அந்தப் பக்கமே அத்தாவையும் வையுங்கள் என்று.

பயப்படாதே, எனக்கு ஒன்றும் இல்லை, சுகர் கூட இறங்கியிருக்கிறது. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் நிம்மதியையும் தரட்டும். ஜூலை 16, உனக்குக் காலை 10:27, மறந்துவிடாதே. அங்கே வெயில் இருந்தால் ஒரு நிமிஷம் சூரியன் பக்கம் திரும்பி நில். நான் இங்கே அம்மா பக்கத்தில் நின்று திரும்புவேன். அம்மா மட்டும் கொஞ்சம் விலகிப் பார்த்திருப்பாள். கல்யாண போட்டோவிலும் அவள் கேமராவைப் பார்க்கவில்லையே.

துஆவுடன்,
உன் அத்தா
முகம்மது கனி