இரும்பில்லாத பெட்டி

கறுப்பு எனாமல் பெயிண்ட் வாசம் இன்னும் வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சன்னலையெல்லாம் திறந்து வைத்தும் பார்த்துவிட்டேன். சோற்றில் கை வைத்தால்கூட அந்த வாசம்தான் வருகிறது. எனக்கு இது ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். லீவு முடிகிற நேரத்தில் வாசலில் சாக்கை விரித்து உங்கள் மிலிட்டரிப் பெட்டிக்கு ஒரு கை பெயிண்ட் அடிப்பீர்கள். “ஏ புள்ள, சம்பளமெல்லாம் இந்தப் பெட்டிக்குத்தான். நான் அதுக்குக் காவலுக்குப் போறேன்” என்று சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. நாளைக்கு ரயில் என்றுதான் மனசுக்குள் ஓடும்.

போன வாரம் அதே வாசலில் சாக்கை விரித்து நான் பெயிண்ட் அடித்தேன். உங்கள் மகளுக்காக. நர்சிங் முடித்ததும் ராணுவ ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள், கிடைத்துவிட்டது. வடக்கே எங்கோ குளிர் ஊராம். ஆர்டர் வந்த அன்று தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் போகக் கூடாது என்று இருந்தது எனக்கு. இதை உங்களிடம் இல்லாமல் யாரிடம் சொல்ல? இருப்பது ஒரே பிள்ளை. அவளும் போய்விட்டால் இந்த விஸ்வநத்தத்து வீட்டில் நான் யாருக்கு உலை வைப்பேன்?

“ஒரு ட்ராலி பேக் வாங்கிக் குடு. இந்தக் காலத்துல எவ மரப்பெட்டியத் தூக்கிட்டுப் போறா?” என்றார் என் அண்ணன். அவள் கேட்டால்தானே. “எனக்கு அப்பா பெட்டி மாதிரியே வேணும்” என்று ஒரே பிடியாக நின்றாள். உங்கள் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது. ஆசாரியிடம் போய்க் கேட்டேன். “மாதிரி இருந்தாக் குடுங்கக்கா, அச்சு அசலா அடிச்சுத் தாரேன்” என்றார். மாதிரிக்கு நான் எங்கே போவது? அது உங்களோடு மண்ணுக்குள் அல்லவா கிடக்கிறது.

அத்தனை வருஷம் எல்லையில் நின்று ஒரு கீறல் இல்லாமல் வந்தீர்கள். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். “உக்காந்து பென்சன் திங்கவா?” என்று பட்டாசுக் கம்பெனி ஸ்டோருக்கு வேலைக்குப் போனீர்கள். ஒரு மத்தியானம் வெடித்த சத்தத்தில் நம் வீட்டுப் பாத்திரமெல்லாம் குலுங்கியது. இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் அத்தனை பேரும் போட்டது போட்டபடி ரோட்டுக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் உங்களைத் துணியில் கட்டிக் கொடுத்தார்கள். “பிரிச்சுப் பாத்துராதீகம்மா” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்காமலேதான் உங்களை அனுப்பினேன்.

அன்றைக்குத்தான் அந்த மிலிட்டரிப் பெட்டியையும் குழிக்குள் வைக்கச் சொன்னேன். உங்கள் யூனிபாரம், கம்பளித் தொப்பி, பூட்ஸ் பிரஷ் எல்லாம் அதற்குள் இருந்தன. உங்களுடையது என்று தெரிகிற மாதிரி ஏதாவது உள்ளே போகட்டும் என்று பட்டது. “இப்படி வழக்கம் இல்லையேம்மா” என்றார் போதகர். “வழக்கப்படியா செத்தாரு?” என்று கேட்டேன்.

ஆசாரி கைவிரித்ததும் நானே செய்வது என்று இறங்கினேன். எத்தனை வருஷம் துடைத்த பெட்டி, அதன் அளவு என் கைக்குத் தெரியாதா? மேலே உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் என் கால் தரையில் நன்றாக ஊன்றும், அதுதான் உயரம். அகலத்துக்கு, மிச்சமிருக்கும் உங்கள் சட்டையை நீங்கள் மடிக்கிற மாதிரியே மடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவகாசி மரக்கடையில் அளவுக்கு அறுத்துக் கொடுத்தார்கள். “அடியில ரெண்டு கட்டை குடுக்கணும், இல்லாட்டி பிளாட்பாரத்துத் தண்ணி பலகைக்கு ஏறிரும்” என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது. அதையும் வைத்தேன். இரண்டு பக்கமும் துளை போட்டுக் கயிற்றுக் கைப்பிடி கோத்தேன்.

ஆனால் ஆணி அடிக்க வரவில்லை. வலது கையில் சுத்தியல், இடது கையில் ஆணி. ஓங்கிய கை இறங்கமாட்டேன் என்கிறது. நான் இன்னும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறேன், வேறு கம்பெனி, அவ்வளவுதான். மருந்து இருக்கிற அறைக்குள் இரும்பு ஆகாது. இரும்பு உரசினால் பொறி வரும், பொறி வந்தால் அந்த அறையில் ஆள் மிஞ்சாது. எங்கள் கையில் இருப்பதெல்லாம் பித்தளையும் மரமும்தான். செருப்பைக்கூட வாசலிலேயே கழற்றிவிடுவோம். கடைசியில் ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் பித்தளைத் திருகாணி வாங்கினேன். “பெட்டிக்கு எதுக்குக்கா பித்தளை?” என்றார் கடைக்காரர். மூலைக்குப் பித்தளைத் தகடு. பலகை சேருகிற இடத்தில் மர முளை. பூட்டு மாட்டுகிற கொண்டி போடவே இல்லை. ஆள் வேலை செய்கிற அறையில் கொண்டி மாட்டக் கூடாது என்று எங்கள் போர்மேன் தொண்டை கிழியக் கத்துவார், அது அப்படியே மண்டையில் ஏறிக் கிடக்கிறது.

மகள் வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “ஏம்மா, இது மிலிட்டரிப் பெட்டியா, பட்டாசு மருந்து வைக்கிற பெட்டியா? தேடுனாலும் ஒரு துண்டு இரும்பு இல்லயே.” சிரித்துக்கொண்டே வந்தவள், பெட்டி வேலைக்கு உட்காரும்போது கம்பெனியில் மாதிரியே நான் வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“பூட்டு எங்கன மாட்ட?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“பூட்டாமத்தான் கொண்டு போயேன்.”

“அம்புட்டுத் தூரம் ரயில்ல, பூட்டு இல்லாமயா?”

“அப்பப் போகாத” என்றேன். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்து விழுந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “நீ தெனமும் தூக்குவாளியோட கம்பெனி வேன்ல ஏறுறியே, நான் ஒரு நாளாவது போகாதன்னு சொல்லியிருக்கேனா? சாயங்காலம் வேன் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இருக்காதும்மா. அப்பாவுக்கு அப்புறம் ஒரு நாளும் இருந்ததில்ல.”

நீங்கள் இருந்திருந்தால் ஏதாவது கிண்டல் பண்ணி இரண்டு பேரையும் எழுப்பியிருப்பீர்கள். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் காலையில் இரும்புக் கொண்டி வாங்கி வந்தேன். அவள் பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டாள். முதல் அடியிலேயே சுத்தியல் நழுவிக் கீழே கருங்கல்லில் மோதியது. பொறி ஒன்று பறந்தது. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருந்தது. “அடிம்மா” என்றாள். அடித்தேன். அதற்குப் பிறகுதான் கறுப்புப் பெயிண்ட், வெள்ளையில் அவள் பெயர். பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் எழுதச் சொன்னாள், எழுதினேன்.

நேற்று விருதுநகர் ஜங்ஷனில் அவளை ரயிலேற்றிவிட்டேன். அண்ணன் ஒரு பக்கமும் ஆட்டோக்காரர் ஒரு பக்கமும் கயிற்றைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கினார்கள். பாலத்துப் படியில் பாதி ஏறுவதற்குள் இறக்கி வைத்தார்கள். கை மாற்றிக்கொண்டு திரும்பத் தூக்கினார்கள். “உள்ள என்னக்கா வச்சிருக்கீக, அம்மிக்கல்லா? இம்புட்டுக் கனம் கனக்கு” என்றார் ஆட்டோக்காரர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. தான் போவதற்காக அழுகிறேன் என்று நினைத்துப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சாயங்காலம் வேன்ல இருந்து எறங்குன ஒடனே எனக்குப் போன் போட்டுரணும்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஏறினாள்.

அழுதது அதற்காக இல்லை. அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அன்று உங்களைச் சுமந்த நாலு பேரும் வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஒரு தடவைகூடத் தோள் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அளவுக்கு நீங்கள் கனக்கவில்லை. பின்னாலேயே நடந்து வந்த நான் வழி முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அதை இன்னும் நான் இறக்கி வைக்கவில்லை.