அக்கா பெயரில் ஒரு சிலந்தி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதக் கை வரவில்லை. பார்சல் கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி அடுக்குகிறவரின் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் சொன்னதுதான் சரி. நம் பேராசிரியர் கண்டுபிடித்த தனிப் பேரினம் என்று பீற்றிக்கொண்ட அந்தக் கறுப்புத் தாவும் சிலந்திகள் எல்லாம் வெறும் ஆண்கள். அவற்றின் பெண்கள் பழுப்பு நிறம் என்பதால் வேறொரு பேரினத்தில் கிடக்கின்றன. புருஷனையும் பெண்டாட்டியையும் வேறு வேறு வம்சம் என்று எழுதி வைத்து இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறார்.

ஒரே முட்டைப்பையிலிருந்து இரண்டையும் வளர்த்து நீங்கள் காட்டியபோது, "டப்பாவை மாத்தி வெச்சுட்டு கதை விடாதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லி உங்களை வெளியே அனுப்பினாரே, அதே வளர்ப்பை நானும் செய்து பார்த்தேன். ஸ்டோர் ரூம் ஜன்னலோரம் பழ ஈக்களைப் போட்டு வளர்த்தேன். கடைசித் தோலை உரித்ததும் அண்ணன் கறுப்பு, தங்கச்சி பழுப்பு. பேராசிரியர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சுப்பா" என்கிறார். வெளியே வேறொரு குழு மரபணுவை வைத்து இதையே எழுதப்போகிறதாம். முந்திக்கொள்ளத் துடிக்கிறார்.

கட்டுரையில் முதல் பெயர் அவர், அடுத்தது நான். அக்கா எங்கே என்று கேட்டேன். "அவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை பண்றேன்யா" என்றார். நீங்கள் கழிவறைச் சுவரில் பிடித்தீர்களே, அந்தக் குட்டிச் சிலந்தி, அது இதே பேரினத்தில் புதிய இனம். அதற்கு உங்கள் பெயராம். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது நம் துறையில் அசிங்கம் என்பதால், எழுதியவர்கள் வரிசையில் நீங்கள் இருக்கக் கூடாதாம். மாலை போட்டே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார்.

அந்தக் கட்டுரை இருந்தால் அங்கே உங்கள் ஊரில் ஓர் ஆய்வகத்தில் சேரலாம் என்று எழுதியிருந்தீர்கள். "ஒரு சிலந்திக்கு என் பெயர்" என்று நீங்கள் போய்ச் சொன்னால் யார் வேலை தருவார்கள்?

கட்டுரையை அனுப்பும் ஒப்புதல் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பொட்டி அடுக்குங்க" என்றார். மறுநாள் என் மேசையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். என் சாப்பாட்டு டப்பா வாசலில் இருந்தது.

சிலந்திக்கு உங்கள் பெயர் வைப்பதை உங்கள் அம்மாவுக்குப் பேராசிரியரே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அம்மா என்னைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு பேரு இனிமே அழியாதுல்ல தம்பி" என்று அழுதார். ஆமாம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

அக்கா, அந்த மரியாதை வேண்டாம், அந்த ஆய்வு என்னுடையது என்று ஆய்விதழுக்கு நீங்களே எழுதுங்கள். அம்மா சந்தோஷப்படுகிறாரே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிடங்கில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.

உங்கள்
பக்கத்து மேசைத் தம்பி