நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

பீரோவோடு நான் மாடிப்படியில் விழுந்த நாளிலிருந்து உனக்குப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவேயில்லை. அடுத்த ஊரில் நண்பன் வீட்டில் போய் ஒளிந்துகொண்டால் ஆயிற்றா? கடிதத்தை உன்னால் கட் பண்ண முடியாதே! மல்லாந்து படுத்து எழுதினால் பேனா நின்றுவிடுகிறது. உன் அக்கா பென்சில் வாங்கித் தந்தாள்.

நடு முதுகில் ஒரு எலும்பு நசுங்கியிருக்கிறது. நரம்பில் அடியில்லை, கால் விரல் பத்தும் ஆடுகின்றன. டாக்டரம்மா இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, ஆபரேஷன் செய்து கம்பியும் ஸ்க்ரூவும் போடுவது. இல்லையென்றால், மார்பிலிருந்து இடுப்புவரை கெட்டியான பெல்ட் கட்டிப் பன்னிரண்டு வாரம் பொறுத்திருப்பது. "எலும்புக்குள்ள சிமென்ட் ஊசி போடறாங்களாமே?" என்று கேட்டேன். "அது பெரும்பாலும் வயசானவங்களுக்கு. நீங்க சின்னப் பையன்" என்றார். ஐம்பது வயதில் இந்தப் பட்டம்! உன் அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துக்கொண்டார்.

நீ என்ன நினைக்கிறாய்? யார்மேலும் குறையில்லை. வா.

உன் அத்தான்


மார்ச் 6

அன்புள்ள அத்தானுக்கு,

பென்சில் எழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

குறையில்லையா? கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்பக்கமாக இறங்குகிறவருக்குப் படி தெரியாது. மேல்பக்கம் பிடித்த நான்தான் எண்ணிச் சொல்ல வேண்டும். முந்தின நாள் நாம் சாமான் இறக்கிய பக்கத்துக் கட்டடத்தில் பன்னிரண்டு படி. இதுவும் அதே மாதிரிதானே என்று, குனிந்துகூடப் பார்க்காமல், பன்னிரண்டில் "தரை வந்தாச்சு"ன்னு சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு படி இருந்தது.

ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் அத்தான். கையோடு முடிந்துவிடும். மூன்று மாதம் எதற்கு இழுத்தடிக்க வேண்டும்? நம் சாமான் வண்டியை விற்றுவிடலாம். இந்த வேலைக்கு இனி நான் லாயக்கில்லை.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 10

மச்சான்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "அடிபட்டது உங்க முதுகுலயா, இவன் மண்டையிலயா?" என்கிறாள் உன் அக்கா.

டாக்டரம்மாவைக் குடைந்து எடுத்துவிட்டேன். கம்பி போட்டால் சீக்கிரம் எழுந்து உட்காரலாம், ஆனால் மயக்க மருந்து, சீழ் பிடிக்கிற பயம், அந்த இடத்தில் முதுகு விறைத்துப்போவது எல்லாம் உண்டு. பெல்ட்டில் கத்தி இல்லை. எலும்பு மேலும் நசுங்கினால் மட்டும் கடைசியில் கம்பிதான். "பெல்ட்டோட நிக்க வச்சு ஒரு எக்ஸ்ரே எடுப்போம். எலும்பு இறங்கலைன்னா கத்தி வேண்டாம்" என்றார். வெள்ளிக்கிழமை எடுக்கிறார்கள். நான் பெல்ட் கட்சி.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சீக்கிரம் முடிய வேண்டும் என்கிறாயே, அது என் முதுகுக்கா, உன் மனசுக்கா?

வண்டி பாதி என்னுடையது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு டயரைக்கூட நீ விற்க முடியாது.

அத்தான்


மார்ச் 13

அத்தான்,

என் மனசுக்குத்தான். நீங்கள் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு நரகமாக இருக்கிறது. நீங்களோ குறையில்லை, குறையில்லை என்கிறீர்கள். அப்படிச் சொல்லச் சொல்ல எந்த முகத்தோடு வருவது என்றே தெரியவில்லை.

மச்சான்


மார்ச் 16

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று நின்றேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், வியர்த்துக் கொட்டியது, என்றாலும் நின்றேன். எலும்பு ஒரு நூல்கூட இறங்கவில்லை. பெல்ட் உறுதி! வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

பீரோ தூக்கும் வேலை இனி எனக்குக் கிடையாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காக மூலையில் உட்காருகிற ஆள் நானில்லை. வாடகை பேசுவது, ஆள் அனுப்புவது, வண்டி ஓட்டத் தெம்பு வந்ததும் ஓட்டுவது, எவ்வளவோ இருக்கிறது.

குறையில்லை என்று நான் எழுதியது பொய். தப்பு உன்னுடையதுதான். நீ பார்க்காமல் சொன்னாய், இருபது வருஷம் சுமை தூக்கிய முதுகு போயிற்று. முதல் வாரம் உன் பெயரை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதை உன் முகத்துக்கு நேராகத் திட்டித் தீர்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பெல்ட்டைப் படுத்தபடியேதான் மாட்ட வேண்டும். முதுகு திரும்பாமல் என்னை ஒரே கட்டையாகப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் உன் அக்கா. மறுபக்கத்துக்கு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு.

உன் அத்தான்