மாதுளையடியில் ஒரு கால் தடம்

கீழக்கரை,
14-9-1956

கொழும்பில் கடையும் தாங்களுமாய் இருக்கும் என் பிரியமுள்ள மச்சான் அவர்களுக்கு, ஹமீதா பானு சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு வாப்பா, உம்மா, தம்பி ஹாஜா முகைதீன், நான் எல்லோரும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வேண்டிய இடத்தில் இருக்கிறோம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

நீங்கள் ஆள் மூலம் கொடுத்துவிட்ட சோப்பும் சீட்டித் துணியும் வந்து சேர்ந்தன. கடிதமும் கிடைத்தது. எலுமிச்சை காய்க்கிறதா, கொல்லைச் சுவர் நிற்கிறதா, வாப்பாவின் இரைப்பு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எலுமிச்சை காய்க்கிறது. சுவர் நிற்கிறது. வாப்பாவுக்கு மேகம் போட்டால்தான் தொந்தரவு. நம் பிள்ளை சபியாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தந்தி கிடைத்தது என்று முன்பு எழுதினீர்கள், அதோடு சரி. எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். "எழுத ஒக்காந்திருப்பாக லாத்தா, கை ஓடியிருக்காது" என்று தம்பி சொன்னான். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கொழும்பில் துரைமார் பங்களாத் தோட்டங்களில் மண்ணால் செய்த கொக்கும் குள்ளனும் நிற்கின்றன, நம் மாதுளையடியிலும் அப்படி ஒன்று வை என்று ஒருமுறை எழுதினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கண்ணும் மூக்கும் வைத்த பொம்மையை வாப்பா இருக்கிற வீட்டில் யார் நிறுத்துவது? பிள்ளையைப் படம் எடுத்து அனுப்பக்கூட வாப்பா சம்மதிக்கவில்லை. நீங்கள் கப்பலேறிய பிறகு பிறந்தவள். அவளை உங்களுக்கு எப்படிக் காட்டுவது என்று யோசித்துத்தான் ஒரு மண் தட்டைச் செய்தேன். தோட்டத்துக்கு அலங்காரமும் ஆச்சு, உருவமும் இல்லை.

சிக்கல் ஊர்ப் பக்கமிருந்து வண்டியில் பானை கொண்டுவரும் கூத்தையாவிடம் கண்மாய் மண் வாங்கினேன். நானே பிசைந்து, வட்டமாகத் தட்டி, சோமாசுக்கு மடிப்பதுபோல் ஓரத்தை மடித்தேன். சுற்றிலும் ஈர்க்குச்சியால் கொடி கீறினேன். நடுவில் சபியாவின் காலைப் பிடித்து அழுத்தினேன். விரலைச் சுருட்டிக்கொண்டு சிரிக்கிறாள், கால் பதிய மாட்டேன் என்கிறது. பதிந்தபோது குதிகாலை ஒரு இழுப்பு இழுத்தாள், அங்கே மட்டும் கொஞ்சம் கலைந்துவிட்டது. தண்டையின் முத்துகள்கூட ஒரு வரிசையாய் விழுந்தன. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் மிச்ச மண்ணைத் தின்றிருந்தாள்.

கூத்தையா தன் சூளையில் வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். செக்கச்செவேல் என்று இருந்தது. மாதுளையடியில் பதித்து வைத்தேன். நடக்கப் பழகியதும் தினம் அதன்மேல் ஏறி நின்று அழகு பார்ப்பாள். கடைசியில் அவள் கால் தடத்துக்குள் அடங்காமல் வெளியே நின்றது. நீங்கள் வந்ததும் இதைக் காட்டி, இத்தனூண்டு இருந்தாள் என்று சொல்ல வேண்டும் என நினைத்திருந்தேன். அதற்குள் அந்தக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

பிள்ளை போன பிறகு ஒரு நாள் தட்டின்மேல் வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது. மாவு சிந்தியிருக்கிறது என்று முந்தானையால் துடைத்தேன். வெள்ளையோடு சேர்ந்து சுண்டுவிரலும் உதிர்ந்து கையில் வந்துவிட்டது. உள்ளே எடுத்து வந்து பெட்டியில் பஞ்சு போட்டு வைத்தேன். அங்கேயும் வெள்ளை பூக்கிறது, மண் உதிர்கிறது.

கூத்தையா வந்தபோது காட்டினேன். எந்தத் தண்ணீரில் பிசைந்தீர்கள் என்று கேட்டார். நம் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்தான் என்றேன். நல்ல தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிற ஊரில், மண்ணுக்கு யார் நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள்? "உப்பு உள்ளயே இருக்கு தாயி, வெளிய பூத்துப் பூத்து மேல இருக்கிறத உதுத்துரும். நல்ல தண்ணியில ஊறப்போட்டா எறங்கும். ஆனா இது சூளை ஓரத்துல அரைவேக்காடா வெந்தது, கரைஞ்சாலும் கரைஞ்சிரும்" என்றார். நான் அழுவதைப் பார்த்து, பானை விற்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீரில் போட்டால் ஒரேயடியாகப் போய்விடுமோ என்று பயம். போடாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. உம்மா, அது வெறும் மண்தானே, பிள்ளை சுவர்க்கத்துப் பறவையாகிவிட்டாள் என்கிறார்கள். உண்மைதான், அல்லாஹ் கொடுத்தான், அல்லாஹ் எடுத்தான். ஆனால் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போகும் வழக்கம் நமக்கு இல்லை. தம்பிதான் கையில் ஏந்திக்கொண்டு போனான். உடைமரத்துப் பக்கம் என்று சொன்னான், மேலே கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவளை வைத்த இடத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு இருப்பது இந்தத் தடம் ஒன்றுதான்.

வந்தால் திரும்பிப் போகப் பெர்மிட் கிடைக்காது, பிழைப்பு போய்விடும் என்பீர்கள். எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், ஒரு தடவை வாருங்கள். பெருவிரலும் அடுத்த இரண்டும் இன்னும் இருக்கின்றன, தண்டை வரிசை பாதி இருக்கிறது. அதன்மேல் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிறகு நீங்களே அதைத் தண்ணீரில் இறக்குங்கள். நின்றால் நிற்கட்டும். கரைந்தால் நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கக் கரையட்டும், என்னைத் தனியே பார்க்க வைக்காதீர்கள். அப்புறம் மையவாடிக்குப் போய் அவள் எங்கே படுத்திருக்கிறாள், நிழல் விழுகிறதா என்று பார்த்துவந்து எனக்குச் சொல்லுங்கள்.

யாரைப் பார்க்க வருவது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள் மச்சான். நான் இருக்கிறேன்.

வர முடியாது என்றால் அடுத்த கடிதத்தில் அவள் பெயரையாவது ஒரு தடவை உங்கள் கையால் எழுதுங்கள். அல்லாஹ் உங்களுக்குக் கடல்வழியைத் திறந்துவிடட்டும். ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடித்து மூடி வைத்திருக்கிறேன், யாரையும் குடிக்க விடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் மனைவி,
சபியாவின் உம்மா
ஹமீதா பானு