விருந்து மேசையில் ஆடிய அரசன்

நேற்றுப் பின்னேரம் பல்லரோச் சந்தையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டு நிற்கையில், தெருவில் வித்தை காட்டுகிற ஒருத்தன் வாயால் நெருப்பு ஊதினான். மண்ணெண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. மீனும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் அல்பெர்கேரியாப் பகுதியில், வேதக் கோயிலுக்கு முன்னால் உள்ள வெளியில், உன் நாடகத்தில் நீயும் அப்படித்தான் நெருப்பு ஊதிக்கொண்டு வந்தாய். ஈராயிரம் வருடங்களுக்கு முன் இத்தாலியின் இந்தத் தீவில் அடிமைகளைத் திரட்டி எழுந்து, அரசனாக முடிசூடிய ஓர் அடிமையின் கதை. நீ ஒருத்தனே எல்லா வேடமும் கட்டினாய். வசனமெல்லாம் இத்தாலியன், அவன் முடிசூடி வருகிற இடத்துக்கு மட்டும் மன்னார்க் கூத்தின் வரவுப்பாட்டைத் தமிழில் பாடினாய். பகலெல்லாம் உன் எசமானி சின்யோராவின் வீட்டில் தரை துடைத்தவன் அன்று நடந்த நடையைப் பார்த்து எங்கள் சனம் எழும்பி நின்றது. நான் அழுதுவிட்டேன், மச்சான்.

சின்யோராவும் முன்வரிசையில் இருந்து கைதட்டினா. அடுத்த கிழமை தன் வீட்டு விருந்தில், சாப்பாட்டுக்கு நடுவே, அந்த அரசனைக் கொஞ்சம் ஆடிக்காட்டச் சொன்னா. உன் நாடகத்திலேயே அந்தக் காட்சி இருந்தது. எசமான் விருந்தாளிகளுக்கு முன்னால் அடிமையைக் கூப்பிட்டு, ‘நான் அரசனாவேன்’ என்று சொல்லவைப்பான். அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்து, மேசையிலிருந்து இறைச்சித் துண்டு கொடுப்பார்கள். அதைப் பார்த்துக் கைதட்டிய மனுசிக்கு எருமைமாட்டில் மழை பெய்த மாதிரித்தான்.

“போகாதை,” என்றேன்.

“இங்கை இருக்கிற பெர்மெஸ்ஸோ முடியுது. வேலைக் கடதாசியிலை அவ கையெழுத்து வைக்காட்டி என்னை ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள். போறன்.”

ஏப்ரனோடு ஆடினாயாம். சிரித்தார்களாம். மிஞ்சிய இறைச்சியை ஒரு பெட்டியில் கட்டித் தந்திருந்தா. நான் தொடவில்லை. நீ தின்றுகொண்டே சொன்னாய்: “அந்த அரசன் வெண்ட பிறகு, மேசையிலை இறைச்சி குடுத்தவையைக் கொல்லாமல் விட்டவன், மச்சான்.”

அதற்குப் பிறகு அந்த நாடகத்தை நீ வெளியில் ஆடவேயில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தொண்டை சரியில்லை என்றாய். சுத்தப் பொய்.

போன மாரியில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். உன் அடக்கப் பூசையில் சின்யோரா என் கையைப் பிடித்து அழுதா. “எங்களை எவ்வளவு சிரிக்கவைத்தான்,” என்றா. அது நடிப்பில்லை, உண்மையான அழுகை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கசப்பை மனதில் வைத்திருக்காதே என்று கோயில் பங்குச் சுவாமி சொல்கிறார். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன்.

நீ அரசனாகியிருந்தால் அவவையும் விட்டிருப்பாய். நான் விடமாட்டேன்.